அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு

காலையிலிருந்தே அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குளத்தின் விளிம்பில், நாலாவது லேனுக்குப் பின்னால், நேரம் எடுப்பவர்களுக்காக மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டாள், நிறுத்தினாள், மறுபடி ஓடவிட்டாள்.

"அதுக்கு வாய் இருந்தா இந்நேரம் அழுதிருக்கும். விட்டுடுங்க மேடம்," என்றார் பக்கத்து நாற்காலிப் பல் டாக்டர்.

"பல்லைப் பிடுங்கறவர் பேசற பேச்சா இது?"

பெரியவர்களுக்கான நீச்சல் போட்டி அது. வருஷா வருஷம் தண்ணீருக்குள் இருந்தவள், தோளில் அறுவை செய்துகொண்டதால் இந்த முறை கரையில் நின்று நேரம் எடுக்க வந்திருந்தாள். ஷவருக்குப் போகும் வழியில் மாட்டியிருக்கும் சாதனைப் பலகையில் ஒன்பது வருஷமாக அவள் பெயர் இருந்தது. பெண்கள், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது, ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல்: 31.40. வீட்டில் அவளுக்குப் பெயர் அம்மா. வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேடம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோன வயதில், அந்தப் பலகை ஒன்றுதான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இன்று அதே பிரிவில், நாலாவது லேனில் நீந்தப்போவது பஸ் டிரைவர். திருநங்கை. நீச்சல் மன்றத்தில் சேர்ந்து எட்டு மாதம். இரண்டு வருஷ ஹார்மோன் அறிக்கைகளைக் கொடுத்து, விதிப்படி அனுமதி வாங்கியிருந்தாள். அவற்றில் நான்கு இவள் கை வழியாகப் போனவை. எண் வரம்புக்குள் இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவளே இவள்தான். ஆனால் உள்ளங்கையின் அகலத்துக்கு அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது. உயரத்துக்குக் கிடையாது. அதே மாதிரி, உடை மாற்றும் அறையில் நாலு பேர் முகம் சுளித்ததால் எட்டு மாதமாக மிதவைப் பலகைகள் அடுக்கிய அறையில் ஒருத்தி தனியாக உடை மாற்றுகிறாளே, அதற்கும் கட்டம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று குத்தியது.

காலையில் பஸ் டிரைவர் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"இது நீங்களா அக்கா? யம்மாடி! அன்னைக்கு உங்களை யார் துரத்தினாங்க?"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

விசில். எல்லோரும் மேடையேறினார்கள். பீப் ஒலித்ததும் குதித்தார்கள். பஸ் டிரைவர் பாதித் தூரத்திலேயே தனியாகிவிட்டாள். நீண்ட, அவசரமில்லாத கைவீச்சு. இவள் விளிம்பில் குனிந்து நின்றாள். அந்தக் கை சுவரைத் தொட்டது. தொட்டதைப் பார்த்தாள். விரல்கள் சுவர் ஓட்டின்மேல் விரிந்ததைக்கூடப் பார்த்தாள். அதன் பிறகுதான் கட்டைவிரல் அழுத்தியது.

31.65.

டாக்டர் வாட்ச்சில் 31.21. மூன்றாவது வாட்ச் குளத்தின் உயிர்காப்பாளரிடம் இருந்தது. அதில் சைபர்.

"யாராவது தண்ணியில குதிச்சா என் கை விசிலுக்குத்தான் போகுது டாக்டர். பதினஞ்சு வருஷப் பழக்கம்," என்று அவர் தலையைச் சொறிந்தார்.

மூன்று வாட்ச் ஓடினால் நடுவில் வரும் நேரம் கணக்கு. இரண்டுதான் என்றால் இரண்டின் சராசரி. தலைமை நடுவர் ஒரு ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் ஹெட்மாஸ்டர்தான். சீட்டை வாங்கிக் கூட்டிப் பாதியாக்கினார்.

"31.43. அடடா, மூணே மூணு புள்ளியில உங்க ரெக்கார்ட் தப்பிச்சுது." மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு வாட்ச்சுக்கும் இவ்வளவு வித்தியாசமா? ரெண்டு பேரும் உறுதியா இருக்கீங்களா?"

"நான் உறுதி," என்றார் டாக்டர்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள் இவள்.

"நேரம் எடுக்கறதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

அவள் ஷவர் வரைக்கும் நடந்தாள், பலகையைப் பார்க்காமல் திரும்பினாள். வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. தெரியாமலா? அதுவும் இல்லை. தோளுக்குச் செய்த அறுவை விரலையா பிடித்துக்கொள்ளும்? பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரி ஒன்று கெட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அதன் முடிவை வெளியே விடமாட்டாள். இங்கே மட்டும் விடுவாளா? பஸ் டிரைவர் சாதித்தது நியாயமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது வாய்தான். கட்டைவிரல் இல்லை.

திரும்பி வந்து வாட்ச்சைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"சார், என் நேரத்தை அடிச்சிடுங்க. நான் லேட்டா அழுத்தினேன்."

ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறக்கவில்லை. "அப்போ டாக்டர் வாட்ச் ஒண்ணுதான் நிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும். அடிங்க."

அடித்தார். அந்தச் சின்னக் கோடு காகிதத்தில் கீறும் சத்தம் அவளுக்குக் கேட்டது. "மன்றக் கூட்டத்துக்கு முன்னாடி கேள்வி எழுதிக் கொடுக்க ஒரு தாள் இருக்குமே, அதையும் கொடுங்க," என்றாள். அவர் ஒன்றை உருவிக் கொடுத்தார்.

பஸ் டிரைவர் துண்டைப் போர்த்திக்கொண்டு மிதவை அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவுக்கா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"31.21."

அவள் எழுந்தே விட்டாள். பிறகு கணக்குப் புரிந்து மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ உங்களோடது..."

"போச்சு."

"கோவமா?"

"ஆமா."

"என் மேலயா?"

"தெரியல. அதைத்தான் கேக்கப்போறேன்." தாளைக் காட்டினாள். "இந்த விதி சரியான்னு எழுதப்போறேன். என் பேரைப் போட்டு."

பஸ் டிரைவரின் முகம் இறுகியது. "மத்தவங்க எல்லாம் என் முதுகுக்குப் பின்னாடிதான் கேட்டாங்க," என்றாள். "கூட்டம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணி."

"எனக்குக் காலை ஷிஃப்ட். மாத்திட்டு வரேன். நானும் ஒரு கேள்வி எழுதலாமா?"

"என்ன கேள்வி?"

அவள் கட்டைவிரலால் பின்னால் காட்டினாள். கதவு பாதி திறந்திருந்தது. மிதவைகளுக்கு நடுவே ஒரு ஆணியில் அவள் சீருடைச் சட்டை தொங்கியது.

"எழுதுங்க," என்றாள் இவள். பேனா கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.