கோட்டுக்கு மூன்றடி உள்ளே

பேட்டரி ஸ்கூட்டரில் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "இன்னைக்கும் விழுந்தோம்னா அம்புட்டுதான். வண்டிய வித்துப்புட்டு பஸ்ல போவோம்டி."

பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அம்மாவின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஹெல்மெட்டை மாட்டினேன்.

போன வியாழக்கிழமை விழுந்ததில் என் தப்பும் இருக்கிறது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலேயே, துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து மூன்று வருடம். துணியின் ஓரம் கத்தியை ஒட்டியே போக வேண்டும். விலகினால் பீஸ் வீண். கை அதற்கே பழகிவிட்டது. மங்கலம் ரோட்டிலும் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் துணி மாதிரி பிடித்துக்கொண்டு, கோணாமல் போனேன். நின்றிருந்த ஒரு காரின் கதவு திறந்தது. எங்கள் வண்டிக்குச் சத்தம் கிடையாது. வருவது உள்ளே இருந்தவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் முட்டி தாரில் தேய்ந்தது.

இன்று கோட்டை விட்டு மூன்றடி உள்ளே ஓட்டினேன். கதவு முழுக்கத் திறந்தாலும் எட்டாது.

"ஓரமாப் போடி."

"கதவு இடிக்கும்மா."

"பின்னால கார் வருதுடி!"

கண்ணாடியில் தெரிந்தது. ஹாரன் ஓயவில்லை. கை தன்னால் இடது பக்கம் இழுத்தது, பிடித்து நிறுத்தினேன். கார் பக்கத்தில் வந்தது; ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங் அம்மிணி, ஊர்கோலமுங்களா? ஓரமாப் போனா ஆகாதுங்களா?"

நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாதான் கத்தினாள்: "ஓரமாப் போயித்தான்யா முட்டி பேந்து கெடக்கு! காமிக்கவா?"

சேலையைத் தூக்கவே குனிந்துவிட்டாள். வண்டி ஆடியது.

"அம்மா! அசையாதம்மா!"

என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஹேண்டில் நேரானது. கார் வலப்பக்கமாக ஒதுங்கி, எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அவள் ஓரம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

கம்பெனி வாசலில் அம்மா மெதுவாக இறங்கினாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம?" ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் இன்னும் நெரிசலா இருக்கும். மணி அடிச்சதும் வண்டிய எடுத்து வை, வந்துர்றேன்."

விந்தி விந்தி உள்ளே போனாள். மணி எட்டரைகூட ஆகவில்லை. எனக்கு அதற்குள் ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி கை வலித்தது.