ஹால் வரைக்கும் போதும்

கடலூர் முதுநகர்க் கடையில் கனிமொழி இரண்டு ரவுட்டர்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்க வீடு ரயில் பொட்டி மாதிரி நீளம்ங்கிறீங்க. அப்ப இந்தப் பெருசுதான் சார் சரி. சின்னது ஹாலத் தாண்டாது, பின்னாடி ரூமுல சுத்தமா எடுக்காது."

"அதத்தாம்மா கேக்குறேன். சின்னதக் குடு," என்றார் மரியலூர்து.

பைத்தியக்கார மனுஷன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். மனைவி ரீட்டா போய்ச் சேர்ந்த பிறகு, சென்னையிலிருந்து மகன் அமலன் வருவதே மாதா திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். வந்தாலும் போனும் கையுமாகப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நெட் ஹாலில் மட்டும் இருந்தால் பயல் எங்கே போவான்?

ஆள் வந்து கேபிள் இழுத்துக் கொடுத்ததும், ஹாலில் மாதா சுரூபத்துக்குப் போட்டிருந்த சீரியல் பல்பைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக் பாயிண்ட்டில் ரவுட்டரை மாட்டினார். பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

திருவிழாவுக்கு அமலன் வந்தான். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனான். மரியலூர்து நாற்காலியில் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. பொறுக்கமாட்டாமல் போய்த் தட்டினார்.

"டேய், இங்க வைஃபை எடுக்காதுடா. ஹாலுக்கு வா."

"என் போன்லயே நெட்டு இருக்குப்பா. ஒங்களுக்கு எதுக்கு வைஃபை? தண்டச் செலவு."

ஹாலுக்குத் திரும்பியவர் ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சீரியல் பல்பை மறுபடி மாட்டினார். மாதா முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவளாவது ஹாலில் இருந்தாள்.