பாட்டில் தண்ணீர்

அந்த வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று கெசியா சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான்கு லட்சம் பேர் முன்னால் சேலையை நனைத்துக்கொண்டு நிற்பதில் என்ன சந்தோஷம்? என் முகத்தை மறைத்து ஒரு மஞ்சள் பூவை ஒட்டியிருந்தாள். "உன்ன யாருக்கும் அடையாளம் தெரியாது பூர்ணிக்கா" என்றாள், பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல.

நடந்தது இதுதான். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் மிஷினில் இருக்கிறேன். எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு பாஸ், கயிறு கட்டிய பிளாஸ்டிக் அட்டை. அது கழுத்தில் இருந்தால்தான் எழுந்து நடக்கலாம். அன்றைக்கு ஆர்டர் அவசரம் என்று சூப்பர்வைசர் ரத்தினசாமி அந்தப் பாஸை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று முறை கேட்டேன். "டார்கெட் முடிச்சிட்டுப் போ. உங்க வீடுன்னு நெனச்சியா, இஷ்டத்துக்கு எழுந்து போறதுக்கு?" என்று கத்தினார். நான்காவது முறை கேட்க எழுந்தேன். நின்ற இடத்திலேயே போய்விட்டது. எனக்கு முப்பத்தெட்டு வயசு. காலேஜ் போகிற மகள் இருக்கிறாள்.

எதிர் மிஷின் கெசியாவுடையது. கேட்டில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். இவள் ஓட்டை போன் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நல்ல போனைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்திருப்பாள். அவர் கத்தியதையும் நான் நின்றதையும் எடுத்துவிட்டாள். என்னைக் கேட்டுத்தான் உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பினாள். வயிறு எரிந்துகொண்டிருந்தது எனக்கு, "போடுடி" என்றேன்.

யார் யாரோ கொதித்தார்கள். சகோதரிக்கு நீதி வேண்டும் என்றார்கள், கம்பெனியை இழுத்து மூடு என்றார்கள். ஒரு நாள் முழுக்க எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்புறம்தான் வீடியோவை நிதானமாகப் பார்த்தேன். தையல்காரி புத்தி, கண் நேராக மிஷின்மேல் கிடந்த அப்பருக்குப் போனது. ஷூவின் மேல்பாகத்தை அப்படித்தான் சொல்வோம். மெரூன் தோல், வெள்ளை நூலில் இரட்டைத் தையல். அந்த மாடல் எங்கள் லைனில் மட்டும், அந்த இரண்டு நாள் மட்டும்தான் ஓடியது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஏதோ ஒரு ஷூ. எங்கள் கம்பெனியில் இருப்பவர்களுக்கு அது பெயர்ப்பலகை. எந்தப் பக்கமிருந்து எடுத்திருக்கிறது என்று பார்த்தால், எடுத்தவள் யார் என்பதும் தெரிந்துவிடும். என் முகத்துக்குப் பூ ஒட்டியவள் அப்பரை அப்படியே விட்டுவிட்டாள். அடிப்பாவி என்று தலையில் கைவைத்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் இன்பராஜ் கூப்பிட்டார். கத்தவே இல்லை, டீ வரவழைத்தார்.

"ஏம்மா, ஒரு சின்ன விளக்கம் குடுத்துடுங்க. தண்ணி பாட்டில் கவுந்துடுச்சி, சேலை நனைஞ்சிடுச்சி. அவ்ளோதான். கெசியா மேலயும் ஆக்ஷன் எடுக்க மாட்டோம்."

"கவுழல சார். என்னால அப்டி சொல்ல முடியாது."

"அவசரம் இல்ல. யோசிச்சி சொல்லுங்க."

சாயங்காலமே எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வண்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. ஆர்டர் நிறுத்தப்பட்டதால் பேரணாம்பட்டு வண்டி மறு அறிவிப்பு வரை ஓடாது. அந்தக் குரூப்பில் இன்பராஜ் மட்டும்தான் எழுத முடியும், நாங்கள் படிக்கலாம். எங்கள் ஊரிலிருந்து அந்த வண்டியில் போகிறவர்கள் பதினான்கு பேர். மற்ற பதின்மூன்று பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள். எதிர்வீட்டு பாரதிதான் பேசினாள்.

"உனக்கு நடந்தது அநியாயம்தான் பூர்ணிமா, நாங்க இல்லன்னு சொல்லல. நாலு லட்சம் பேர் பாத்தாங்களே, அதுல ஒருத்தராவது நாளைக்கி எங்களுக்கு வண்டி அனுப்புவாங்களா?"

அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

கெசியாவுக்குப் போன் செய்தேன். "நீ சொல்லாதக்கா. என் வேலை போனா போவுது" என்றாள். அவள் வேலைதான் அவள் வீட்டுக்கே ஆதாரம் என்பது எனக்குத் தெரியும். வண்டியும் ஓடும், அவள் வேலையும் போகாது, நான் ஒரு பொய் சொன்னால் போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

படமெடுக்க வந்தது யார் தெரியுமா? எங்கள் வீடியோவைப் போட்ட அதே செய்திப் பக்கத்துக்காரன். கம்பெனி விளம்பரம் தருகிறதாம். என் பக்கத்தில் புது ஃபேன் வைத்தார்கள். இந்த முறை முகத்துக்குப் பூ கிடையாது. முதல் தடவை குரல் நடுங்கியது என்று மறுபடி எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிச்சிகிட்டே சொல்லுங்கக்கா" என்றான். சிரித்தேன். தண்ணி பாட்டில் கவுந்துடுச்சி என்றேன்.

வண்டி ஓடியது. புது வீடியோவை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கெசியாவை நிறுத்திவிட்டார்கள், போனை உள்ளே கொண்டுவந்ததற்காகவும் பொய் வீடியோ பரப்பியதற்காகவும். பொய் என்பதற்குச் சாட்சி நான். இன்பராஜிடம் ஓடினேன். "மேலிடத்து முடிவும்மா" என்றார், அன்றைக்கும் டீ சொன்னார். கெசியா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளின் போனை வாங்கி, அவள் கணக்கிலிருந்தே அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். பாட்டில் கவிழவில்லை, மிரட்டிச் சொல்லவைத்தார்கள், அந்தப் பெண் நான்தான், கெசியா எடுத்தது நிஜம் என்று எழுதினேன். எழுதி முடிக்க அரைமணி ஆயிற்று.

முன்பின் தெரியாத யாரோ உடனே பதில் போட்டார்கள்.

"யாரும்மா நீ, ஃபேக் ஐடில வந்து? அந்தக்காவே சிரிச்சிகிட்டு தண்ணின்னு சொல்றாங்க. அவங்களவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

திரும்பத் திரும்பப் படித்தேன். சிரித்துக்கொண்டு சொன்னது நான்தானே.