தேளின் கொடுக்கில் ஒரு சிவப்பு வட்டம்

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் வந்த சண்டை ஒரு புத்தகத்தால் வந்தது. கதைப் புத்தகம் இல்லை. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த நட்சத்திரம் என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருக்கும் அட்லஸ். வாங்க வேண்டும் என்று சொன்னதும் நான், எதை வாங்குவது என்று முடிவு செய்ததும் நான். அதனால் நடந்ததற்கும் நான்தான் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாளிப்பது போல இருக்கும்.

என் பெயர் உமாதேவி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலை ஆறரை மணிப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோலில் பதிவது என் வேலை. என் வீட்டுக்காரர் குகனேஸ்வரன் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டைப் பார்த்துக்கொள்பவர். மாலை ஆறு மணிக்குப் போனால் இரவு இரண்டு மணிக்குத்தான் வருவார். அவர் வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். நான் நாலரைக்கு எழும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். இரண்டு பேரும் முழித்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்ப்பது மாலை நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான். சண்டை போடுவதாக இருந்தாலும் அதற்குள் போட்டு முடிக்க வேண்டும்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஒரு பைனாகுலர். அவர் ஷிப்டு முடிந்து வந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பார். நான் எழுந்து பெரட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் பார்ப்பேன். நாங்கள் தேடியது நோவா. இருந்தாற்போல இருந்து ஒரு மங்கல் நட்சத்திரம் ஆயிரம் மடங்கு பிரகாசமாகும், சில நாளில் மறுபடி மங்கிப்போகும். அதை உலகத்தில் முதலில் பார்த்துச் சொல்கிறவர் பெயர் பதிவாகும். இதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று கட்டாயமில்லை. பொறுமையும், எந்த நட்சத்திரம் இருக்க வேண்டும் எது இருக்கக்கூடாது என்று சொல்ல ஒரு நல்ல அட்லஸும் இருந்தால் போதும். செக்ரோலில் இல்லாத ஆள் பெரட்டில் வந்து நின்றால் எனக்குத் தெரியாமல் போகுமா? இதுவும் அந்த வேலைதான். எனக்கு அந்தப் பெயர் வேண்டும். ஆசை என்று மறைத்துப் பேச மாட்டேன், வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்களிடம் இருந்த அட்லஸ் உதவாக்கரை. குளிர்நாட்டுக்காரர்களுக்காக அச்சடித்தது. அவர்களுடைய தொடுவானத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் நறுக்கிவிட்டிருந்தார்கள். எங்களுக்கோ கியா பார்ம் பக்கம் பூத்தோட்டங்களில் ராத்திரி முழுக்க விளக்கு எரிவதால் வடக்கு வானம் வெளுத்துக் கிடக்கும். மிச்சம் இருப்பது தெற்குதான். அந்தத் தெற்குதான் புத்தகத்தில் இல்லை. இருந்த பக்கங்களிலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் மட்டும். பைனாகுலரில் பார்த்தால் அதைப்போல இருபது மடங்கு தெரிகிறது. பாதிப் பேர் எழுதாத செக்ரோலை வைத்துக்கொண்டு யாரைப் புதுசு என்று சொல்வது?

அந்தக் குறைப் புத்தகத்தை நம்பித்தான் போன வருடம் என் வீட்டுக்காரர் ஒரு நோவாவைக் கண்டுபிடித்தார். என்னிடம் சொல்லாமல், ஈப்போவில் எங்கள் வானியல் குழுவை நடத்தும் திருச்செல்வம் சாருக்கு நேராக அனுப்பிவிட்டார். அது நகர்ந்து போய்க்கொண்டிருந்த ஒரு சிறுகோள். குழுவில் நூறு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன்: இனிமேல் நான் பார்த்து, நான் சரி என்று சொல்லாமல் இந்த வீட்டிலிருந்து ஒன்றும் போகக்கூடாது. அவர் "சரி" என்றார். அவர் பேச்சில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

ஜனவரியில் புது அட்லஸ் வாங்க முடிவு செய்தோம். ஒரே அட்லஸ் இரண்டு பதிப்பாக வந்திருந்தது. ஒன்று வண்ணத்தில். பால்வீதி நீலமாக, நட்சத்திரக் கூட்டங்கள் மஞ்சளாக, தூரத்து அண்டங்கள் சிவப்பு முட்டைகளாக, பார்க்கக் கண்ணைப் பறிக்கும். இன்னொன்று வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். தாள் தடிப்பு, சுருள் கம்பியில் கோர்த்தது, மடித்தால் தட்டையாக நிற்கும்.

"இது நல்லாருக்கு லா," என்று அவர் போனில் வண்ணப் பதிப்பைக் காட்டினார்.

"அது வேணாம். கறுப்புதான்."

"ஏன்?"

"சொன்னா ஒங்களுக்குப் புரியாது. விடுங்க."

காரணம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருந்தேன். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க, அட்லஸைச் சிவப்பு விளக்கில்தான் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கில் சிவப்பு மை தெரியாது. வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும், மையும் சிவப்பாகத் தெரியும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஆயிரக்கணக்கான சிவப்பு முட்டைகள் அச்சடித்தும் பிரயோஜனம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. சிறுகோள் விஷயத்தில் என் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நட்சத்திரத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. சோறு, தண்ணீர், கேஸ் தீர்ந்துவிட்டது, தானா ராத்தாவுக்குப் போனால் மாத்திரை வாங்கி வாருங்கள், இந்த மாதிரிதான் பேசிக்கொண்டோம்.

அட்லஸ் வந்தது. மலைப் பனியில் தாள் ஊறிவிடக்கூடாது என்று பிஸ்கட் டின்னுக்குள் துணியில் கட்டிய அரிசியோடு வைத்தேன். மை கரையும் என்பதால் பென்சில்தான். அன்றைக்கு எந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்தேனோ அதில் சின்னதாக ஒரு கோடு. அடுத்துப் பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்ட். நாலரைக்கு எழுந்து, அவர் தூக்கம் கெடக்கூடாது, என் கண்ணும் கூசக்கூடாது என்று விளக்குப் போடாமல், டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். டார்ச்சுக்கு முன்னால் தைப்பூசத்தில் மிஞ்சிய சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டியிருந்தேன். முடிந்ததும் இருட்டிலேயே டின்னில் வைத்து மூடிவிட்டு ஓடினால்தான் பெரட்டுக்குச் சரியாக இருக்கும். ஆக, மூன்று மாதமாக அந்தப் புத்தகத்தை நான் வெளிச்சத்தில் திறந்ததே இல்லை.

அதில் என் பென்சில் கோடுகளைத் தவிர வேறு ஒன்றையும் பார்த்ததும் இல்லை. மனுஷன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, வண்ணப் படம் இல்லை என்று கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். போகட்டும் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு வெளியே வந்தேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. டின்னைத் திறந்தால் ரப்பர் பேண்ட் இடம் மாறியிருக்கிறது. நான் போட்டிருந்தது தனுசுப் பக்கத்தில். இப்போது அது தேள் ராசியின் வால் இருக்கும் பக்கத்தில். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். போன வாரம் நான் போட்ட பென்சில் கோடு மட்டும் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. ரப்பரைக் கழற்றி என் பக்கத்தில் மாட்டிக்கொண்டு தனுசைப் பார்த்தேன். தேள் அப்போது தெற்கே நல்ல உயரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பக்கூட இல்லை.

சாயங்காலம் அவர் தேநீர் குடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. நான் சொன்னது இதுதான்:

"ரப்பர எதுக்கு எடம் மாத்துறீங்க? எனக்குக் கணக்குத் தப்புதுல."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கத்தப் பாத்தியா?"

"பாத்தேன். அதான் போன வாரமே முடிச்ச பக்கமாச்சே."

"சரி," என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. புதன்கிழமை மாலை குழுவில் திருச்செல்வம் சார் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். தேளின் கொடுக்கு ஓரத்தில் நோவா. வேறு நாட்டில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கேமராவில் பிடித்திருக்கிறார். உலகம் முழுக்க உறுதி செய்துவிட்டார்கள். நம் தலைக்கு மேலே வருகிற தேள், நாம் மழையில் உட்கார்ந்திருக்கிறோம், எவனோ கொண்டுபோய்விட்டான். வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"எட்டு வருசமா தேடறோம். மழ வராம இருந்திருந்தா நாமதான். ஞாயித்துக்கெழமதானாம், பாருங்க."

அவர் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்.

"வெள்ளிக்கெழமயே நான் வட்டம் போட்டு வெச்சேன். நீதான் ஒண்ணும் இல்லேன்னுட்ட."

"என்னா வட்டம்?"

"புக்குலதான்."

நான் போய் டின்னை எடுத்து வந்தேன். அடுப்படியில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. தேள் பக்கத்தைத் திறந்தேன்.

கொடுக்கின் ஓரத்தில், கறுப்புப் புள்ளி எதுவும் இல்லாத ஓர் இடத்தைச் சுற்றி, பளிச்சென்று ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்து. வெள்ளி, 2.30. உமா, இது புக்குல இல்ல. பாரு.

தாள்களைப் புரட்டினேன். இன்னொரு பக்கத்தில் இன்னொரு வட்டம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மொத்தம் பதினோரு சிவப்பு வட்டம். மூன்று மாதமாக மனுஷன் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"செவப்புல ஏன் போட்டீங்க?"

"பேக்டரில அப்படித்தானே. ஷிப்டு போர்டுல அடுத்த ஷிப்டு பாக்க வேண்டியத செவப்புல வட்டம் போட்டுருவோம். வர்றவங்க பாத்துட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுவாங்க. போடாம மெஷின தொடக்கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் தெனம் ராத்திரி வந்து இங்க லைட்டு போட்டுத் தொறந்து பாப்பேன். நீ பென்சில்ல கோடு போட்டுட்டுப் போயிருப்ப. என் வட்டத்துக்குப் பக்கத்துல ஒண்ணும் இருக்காது. இன்னும் கோவம் போலன்னு விட்டுட்டேன்."

"வெள்ளிக்கெழம என்னை எழுப்பியிருக்கலாம்ல."

"ரப்பர மாட்டி வெச்சேன். பாத்தேன்னு நீயே சொன்ன. நீ சரின்னு சொல்லாம அனுப்பக்கூடாதுன்னதும் நீதான்."

சாமான் வைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அவரையும் புத்தகத்தையும் உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி, என் டார்ச்சை அடித்தேன். தேள் இருந்தது, என் பென்சில் கோடு இருந்தது. வட்டமும் எழுத்தும் இருந்த இடம் வெறும் தாளாக இருந்தது. அவர் டார்ச்சை வாங்கிக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி சாத்தினார்.

"செவப்பு தெரியாதா?"

"தெரியாது."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவர் நம்பியிருப்பார்.

"தெரியும். அதுக்காகத்தான் கலர் புக்கு வேணாம்னேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"அன்னைக்கே கேட்டேன்ல, ஏன்னு."

"கேட்டீங்க."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, மணியைப் பார்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "டின்ன மூடி வெய்யி, பனி ஏறிடும்," என்று மட்டும் சொன்னார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாகப் படித்தேன். ஒன்பது வட்டம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்கள். மாறி மாறி மங்கிப் பிரகாசிக்கிற வகை. நான் ஒரு தடவை பார்த்திருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன். பிப்ரவரியில் போட்ட ஒன்று மட்டும் வேறு. தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில், அட்லஸிலேயே இருக்கிற ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். அதில் எழுதியிருந்தது: இது புதுசு இல்ல. அழகா இருக்கு. சும்மா பாரு.

அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நோவா போனதுக்கு வந்த அழுகை இல்லை.

பிறகு பென்சிலை எடுத்து எல்லா வட்டத்தையும் கறுப்பில் மறுபடி வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அவர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த என் கையெழுத்தைப் போட்டேன். தேள் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தி வருகிறவனைக்கூட நான் விட்டதில்லை, சிவப்பில் குறித்துவிடுவேன். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அன்றைய கிழமையை எழுதினேன். புதன், ஐந்து நாள் லேட்.

ரப்பர் பேண்டைச் சிலுவைப் பக்கத்தில் மாட்டி, டின்னை மூடினேன். அலாரத்தை இரண்டு மணிக்கு மாற்றி வைத்தேன்.