முதல் பந்தயத்தில் ஜெயித்தவர்

கொலோனியா லாஸ் தாலாஸ் ஊரின் மோட்டார் பந்தயச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை நெலிடாவின் தலையில் விழுந்தது. சங்கத்தில் தட்டச்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வராது.

நாற்பத்தொன்பது ஆண்டுக் கதை இரண்டே நாளில் முடிந்தது. முதல் ஆண்டுதான் இடித்தது. 1958-இல் பாக்னாஸ்கோவின் ஃபோர்டு காரும் இதுரால்தேயின் செவ்ரோலே காரும் மண் பாதையில் கிளப்பிய புழுதியில், முதலில் வந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அதுதான் முதல் பொருள். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படும்.

ஓட்டிய இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது பாக்னாஸ்கோவின் மகன் தலைவர், இதுரால்தேயின் மகன் துணைத் தலைவர். தலைவரின் தங்கையைத்தான் துணைத் தலைவர் கட்டியிருந்தார். ஃபோர்டு வீட்டுப் பெண் செவ்ரோலே வீட்டுக்குப் போன அந்தக் கல்யாணத்துக்குப் பாதி ஊர் வரவில்லை.

"மலர்ல எங்கப்பா ஜெயிச்சதா இல்லேன்னா, ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு எங்க ஆளுங்க வண்டி ஒண்ணும் வராது" என்று இருவரும் தனித்தனியாக வந்து, ஒரே வார்த்தைகளில் சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

அந்த முதல் பந்தயத்தில் முடிவுக் கோட்டில் நின்று கொடி காட்டியவர் நெலிடாவின் அப்பா செஃபெரினோ. ஞாயிற்றுக்கிழமை அவர் பேர் பொறித்த வெண்கலப் பலகையைச் சங்க வாசலில் திறப்பதாக இருந்தது. மாத்தே இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தவரிடம் நெலிடா கேட்டாள்.

"நெசமா யாருப்பா ஜெயிச்சது?"

அவர் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றிக் குடித்து முடித்தார்.

"புழுதிக்குள்ள ஒரு வண்டி வந்துச்சு. கொடிய எறக்கிட்டேன். பாத்தா, பால்காரன் ஒதாமெந்தியோட லாரி. வேலி தெறந்திருக்கு, குறுக்கால போயிரலாம்னு வந்திருக்கான். தொப்பியத் தூக்கி எனக்கு வணக்கம் வேற சொன்னான்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள அவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நின்னு, கொடி எனக்குத்தான்னு அடிச்சுக்கிட்டானுங்க. நான் எங்க வாயத் தெறக்கிறது?"

"இத எழுதவாப்பா?"

"நான் செத்தப்புறம் எழுது."

"வெள்ளிக்கிழமை வரைக்குந்தான் நேரம் இருக்குப்பா."

அவர் மாத்தேக் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். "எழுது" என்றார் கடைசியில். "பலகைய அவங்களே வச்சுக்கட்டும்."

வியாழக்கிழமை நெலிடா எழுதிய தாளைச் சங்கக் குழுவின் மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். தலைவர் உரக்கப் படித்தார்.

"அப்ப உங்கப்பா ஜெயிக்கல, மாப்ள" என்றார்.

"உங்கப்பாவுந்தான் ஜெயிக்கல, மச்சான்."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது.

"அந்த லாரி என்ன வண்டி?" என்று கேட்டார் துணைத் தலைவர்.

"பட்டாளத்துல ஏலம் விட்டது. ஃபோர்டும் இல்ல, செவ்ரோலேயும் இல்ல" என்றாள் நெலிடா. குழுக் கூட்டத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அவன் ஒரு சுத்துகூட முழுசா வரலியே?" என்று இழுத்தார் பொருளாளர்.

"கொடி விழுந்துச்சா இல்லியா?" என்று மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

ஒதாமெந்தி ஜெயித்தார். சங்க வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

"அப்பாவோட பலகை?" என்று நெலிடா மெல்லக் கேட்டாள்.

"அதுக்கென்ன? ஜெயிச்சவனுக்குத்தான கொடி காட்டியிருக்காரு" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். செஃபெரினோ சந்தோஷப்படவில்லை.

"அப்ப, அந்த ரெண்டு வீட்டுத் தெருவுக்கும் போகாம அம்பது வருசமா ஊரச் சுத்திப் போனேனே, அது?"

அவர் காலணியை மாட்டிக்கொண்டு, ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு இதுரால்தே வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார். அந்தப் பக்கம் ரொட்டிக் கடையே கிடையாது.