மருந்து தடவாத கால்

இலையிலிருந்து சாறெடுப்பது அவருடைய தொழில். ஆய்வுக்கூடத்தில் அவரைச் 'சாறு' என்றே அனைவரும் அழைத்தனர். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அவருக்கே சற்று யோசித்தால்தான் நினைவுக்கு வரும். உலர்ந்த இலையைப் பொடித்து, எரிசாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பிசுபிசுத்த பச்சைக் குழம்பாகச் சுண்டவைப்பார். பிறகு அக்குழம்பைச் சிறிது எரிசாராயத்தில் கரைத்துப் பொத்தான் அளவுள்ள காகித வட்டுகளில் சொட்டுச் சொட்டாக விடுவார். இருபது நிமிடம் உலர்த்திய பின், கிருமி பரப்பிய தட்டின்மேல் அவ்வட்டுகளை வைப்பார். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வளையம் காணப்பட்டால், சாறு கிருமியைக் கொல்கிறது என்று பொருள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வெறும் எரிசாராயம் மட்டும் விட்ட வட்டு ஒன்றும் அருகிலேயே இருக்கும். அதனைச் சுற்றி வளையம் விழுந்ததே இல்லை. சாற்று வட்டோ ஓராண்டாகத் தவறாமல் வளையமிட்டு வந்தது.

அந்த வளையத்தை நம்பித்தான் அவர் ஒரு சிறு குப்பியை யாரும் அறியாமல் வீட்டிற்குக் கொண்டு சென்றிருந்தார். அவருடைய அக்காவுக்குச் சர்க்கரை நோய். வலக் காலின் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து, ஆறாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. குப்பி வந்த நாள் முதல் அக்கா மருத்துவமனை மாத்திரைகளை மேசை இழுப்பறையில் தள்ளிவிட்டு, அந்தப் பச்சைச் சாற்றையே இருவேளையும் தடவி வந்தார்.

ஒரு செவ்வாயன்று, கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணியைப் பழுது பார்ப்பதற்காக அனைவரையும் தெருவில் நிறுத்திவிட்டனர். மூன்று மணி நேரம் கழித்தே உள்ளே விட்டனர். அதுவரை வட்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. மறுநாள் எந்தத் தட்டிலும் வளையம் இல்லை.

இலை கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். புதிய இலை எடுத்தார். பாதி வட்டுகளை இருபது நிமிடமும் மீதிப் பாதியை மூன்று மணி நேரமும் உலர்த்தினார். இருபது நிமிடத்தவை வளையமிட்டன. மற்றவை வாய் திறக்கவில்லை. அடுத்து, இருபது நிமிடம் உலர்ந்த சாற்று வட்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். எரிசாராயம் குப்பென்று அடித்தது. குழம்பின் பிசுக்கு அதனை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. பிசுக்கில்லாத ஒப்பு வட்டு மட்டும் முழுவதும் உலர்ந்து நிரபராதிபோல் உட்கார்ந்திருந்தது.

அவர் ஆய்வுத் தலைவியிடம் சென்றார்.

"மேடம், கிருமியைக் கொன்னது இலை இல்ல. காயாம இருந்த எரிசாராயம்."

தலைவி தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இருபது நிமிஷம் போதும்னு எழுதினது யாரு?"

"நீங்கதான்."

"அதைப் படிச்சுட்டுத் தலையாட்டினது?"

"நான்தான்."

"நல்ல பொருத்தம். அறிக்கையை நான் நிறுத்தி வைக்கிறேன். நீங்க எல்லாத்தையும் முதல்லேருந்து காயவைங்க. அதுக்கு ஏன் சாறு, முகத்தை இப்படிப் பிழிஞ்சு வெச்சிருக்கீங்க?"

அவர் குப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு வீட்டிற்குப் போனார்.

அக்கா நாற்காலியில் அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே அந்தக் குப்பியைத் தொடாதே."

"ஏன், தீரப்போகுதுன்னா? இன்னும் ரெண்டு கொண்டா. கீழ்வீட்டம்மா முட்டிக்குக் கேட்டிருக்காங்க."

"அது மருந்தே இல்லக்கா. சோதனையில தப்பு நடந்துபோச்சு." வட்டு, வளையம், உலர்த்தல் அனைத்தையும் அவர் விளக்கினார். அக்கா இரண்டு தலையணை உறைகளை மடித்து முடித்தார்.

"கம்பெனிக்காரன் உன் வாயைக் கட்டிட்டானா? பலிக்குதுன்னு தெரிஞ்சதும் வெளியில விடாதேன்னு சொல்லியிருப்பான்."

"யாரும் எதுவும் சொல்லலை."

"பத்தே நாள்ல வலி போச்சுடா! அது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? என் கால் எனக்குத் தெரியுமா, உன் காகிதப் பொத்தானுக்குத் தெரியுமா?"

வலி போனது உண்மை. ஆயினும், எதனோடு ஒப்பிட்டு மருந்தினால்தான் போயிற்று என்பது? அவர் மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அக்காவின் எதிரில் தரையில் அமர்ந்தார்.

"கண்ணை மூடு. நான் தொடும்போதெல்லாம் சொல்லு."

"இந்த வயசுல என்னடா விளையாட்டு?"

"மூடேன்."

முழங்காலைத் தொட்டார். "தொட்டே," என்றார் அக்கா. கெண்டைக்காலைத் தொட்டார். "தொட்டே." பிறகு அக்காவின் இடக் காலைத் தூக்கினார். அதில் புண்ணும் இல்லை. ஒரு சொட்டுச் சாறும் பட்டதில்லை. உள்ளங்காலில் பென்சில் முனையை வைத்தார். அக்கா பேசவில்லை. தோல் குழியும் அளவுக்கு அழுத்தினார்.

"என்னடா, தூங்கிட்டியா?" என்று கேட்டார் அக்கா.

"கண்ணைத் திற."

அக்கா குனிந்து, தம் உள்ளங்காலில் பதிந்து நின்ற பென்சிலைப் பார்த்தார்.

"இந்தக் கால்ல நான் மருந்தே போடலையே."

"அதைத்தான்க்கா சொல்றேன். வலி போகல. உணர்ச்சி போயிருக்கு."

மடித்த துணி சரிந்து விழுந்தது. அக்கா அதனை எடுக்கவில்லை. தம்பி வலக் காலின் துணிக்கட்டை அவிழ்த்தார். பருத்த உடம்பை வளைத்து அடிப்பாதத்தைப் பார்க்க அக்காவால் இயலாது. இத்தனை நாளும் விரலால் தடவித்தான் சாறு பூசியிருந்தார்.

"என்ன நிறத்துல இருக்கு?"

"கிளம்பு, போகலாம்."

"நிறத்தைக் கேட்டேன்டா."

"விரல் ஓரம் கறுத்திருக்கு."

"செருப்பை எடு," என்றார் அக்கா.

மருத்துவமனையில் புண்ணைப் பார்த்த பெண் மருத்துவர் நிமிராமலே கேட்டார். "இதுக்கு மேல என்ன போட்டீங்க?"

"கீழ்வீட்டம்மா ஏதோ இலைச்சாறு குடுத்தாங்க," என்றார் அக்கா உடனே. தம்பியின் வேலை போய்விடக் கூடாது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தார் போலும்.

"இல்லீங்க, நான் குடுத்தது," என்றார் அவர். "எரிசாராயத்துல எடுத்த சாறு. முப்பத்தாறு நாளா போட்டிருக்காங்க. எங்க ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாம கொண்டுவந்தேன்."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியே," என்று அக்கா முணுமுணுத்தார்.

மருத்துவர் எழுதிக்கொண்டார். இலை எது என்று கேட்டார், அவர் சொன்னார். மாத்திரைகளை எப்போது நிறுத்தினார்கள் என்றும் கேட்டுக் குறித்தார். "சுண்டுவிரலை எடுத்தாகணும். பாதத்தைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

மறுநாள் காலை விரல் எடுக்கப்பட்டது; பாதம் தப்பியது. பிற்பகலில் மயக்கம் தெளிந்த அக்காவிடம், "வலிக்குதாக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்லடா," என்றார் அக்கா. "அதுதான் பயமா இருக்கு."