பதினேழாம் பெயருக்கு நேரே நான்கு

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன அதிகாரி ஒன்றே முக்கால் வரைக்கும் திரும்பவில்லை. குன்றில் வீடு கட்டும் திட்டத்தின் கோப்புக் காகிதங்களை ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை நாங்கள் பார்க்கலாம் என்று தகவல் ஆணையம் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டரைக்கு அலுவலகத்தையே பூட்டிவிடுவார்கள். ஆட்சேபணை கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் மண் வெட்டும் இயந்திரங்கள் எங்கள் தலைக்கு மேலே இருக்கும் குன்றில் ஏறும்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கட்டப் போகிறார்களாம். குன்றை மட்டமாக்கித்தான் கட்ட முடியும். போன மழைக்கே மண் சரிந்து லஸ்மினியின் அடுப்படிக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. இனி மரத்தையும் வெட்டி, வேரையும் பிடுங்கிவிட்டால் என்ன வரும் என்று சொல்லப் படித்தவர்கள் தேவையில்லை.

கோப்பைப் பார்க்க மூன்று பேருக்குத்தான் அனுமதி. ஒருத்தி நான், ஜுமிரா. கிராமத்துப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, தனிக்கட்டை. இன்னொருத்தி லஸ்மினி, நான்கு வீடுகளில் துணி துவைத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்ப்பவள். மூன்றாவது ஆள் கியார்த்தோ. அவருடைய மகன் அந்த வீடு கட்டும் கம்பெனியின் வாசலில் காவல்காரனாக நிற்கிறான். அதனாலேயே அவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கம்பெனியைத் திட்டுவார்.

ஒருவழியாக அதிகாரி ஹெந்தார்த்தோ வந்தார். பூ அச்சுப் போட்ட பாத்திக் சட்டை, கையில் வாழைப்பழ வறுவல் பொட்டலம்.

"மன்னிச்சுக்குங்க, மசூதியில கூட்டம். காபி சொல்லவா இபு?"

"காபி வேண்டாம் பாக், ஃபைலை எடுங்க," என்றேன். அவர் 'இபு' என்று அம்மா போட்டதற்கு நான் 'பாக்' என்று ஐயா போட்டேன். நான்கு மாதமாக அந்தக் கோப்புக்காக நடந்த எரிச்சல் என் குரலில் இருந்திருக்கும். முதலில் 'வியாபார ரகசியம்' என்றார்கள். பிறகு 'ஆள் லீவு' என்றார்கள். எங்கள் வீட்டைப் பற்றி எழுதிய காகிதம் எங்களுக்கு ரகசியமாம்.

நிதானமாகப் பீரோவைத் திறந்து, அதைவிட நிதானமாக நீலக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். வரைபடம், மண் சோதனை, மரக் கணக்கு எல்லாம் தாண்டிக் கியார்த்தோ ஒரு பக்கத்தில் நின்றார். தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது: 'அடிவாரக் குடியிருப்பாளர்களின் சம்மதப் பட்டியல்.' கீழே நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். அந்த எண்களுக்கு மேலே 'சம்மதித்தோர் எண்ணிக்கை' என்று தட்டச்சு செய்திருந்தது. அடியில் கூட்டுத்தொகை: ஐம்பத்தெட்டு.

"ஐம்பத்தெட்டு பேரா?" என்றாள் லஸ்மினி. "யாரு சம்மதிச்சா?"

"நீங்கதான்," என்றார் ஹெந்தார்த்தோ மிகவும் பணிவாக. "கையெழுத்து உங்களோடதுதானே?"

அந்த எண்கள் என் கையெழுத்து. என் நாலுக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும். தலைப்பை மறைத்து நகல் எடுத்து, மேலே புதிதாக அடித்துச் சேர்த்திருந்தார்கள். மற்றதெல்லாம் நான் எழுதிய பக்கம், அப்படியே.

ஒன்பது மாதத்துக்கு முன் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊர்க்கூடத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். வந்தவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால் சாப்பாட்டுப் பெட்டி. இது எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான். பேச்சுக்கு முன்னால் கையெழுத்து, பேச்சு முடிந்ததும் பெட்டி. யாரும் தலைப்பைப் படிப்பதில்லை. மேசையில் உட்கார்ந்து பதிவைக் கவனித்தது நான். சமையல்காரனுக்குக் கணக்குக் காட்ட, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் யார் எத்தனை பெட்டி எடுத்தார்கள் என்று எழுதி வைத்தேன்.

அதற்குள் லஸ்மினி கியார்த்தோ பக்கம் திரும்பியிருந்தாள். "உங்க பேருக்கு நேரா ரெண்டுன்னு போட்டிருக்கே. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வித்துட்டீங்களா?"

"நாக்கை அடக்கிப் பேசு."

"உங்க பையன் அவங்க கேட்டுல நிக்கிறான்ல. சும்மாவா சேர்த்துக்கிட்டாங்க?"

"அவன் நிக்கிறது சம்பளத்துக்கு. நான் நிக்கிறது உங்களோட," என்றார் கியார்த்தோ. பிறகு கோபத்திலேயே விரலைப் பக்கத்தின் அடிக்கு ஓட்டியவர் சட்டென்று நிறுத்தினார். "இங்க பாரு. கடைசிப் பேரு. லஸ்மினி, சைபர்."

ஹெந்தார்த்தோவும் எட்டிப் பார்த்தார். "ஆமா. இந்த அம்மா மட்டும் சம்மதிக்கல. அதையும் நாங்க மறைக்கல பாருங்க."

லஸ்மினி ஒரு கணம் விழித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "நான் அன்னிக்கே ஒத்துக்கல. எனக்கு அவனுங்க மூஞ்சியே பிடிக்கல," என்றாள். பாவம், தானே நம்பிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரசாங்கக் காகிதம் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

கியார்த்தோவின் விரல் மறுபடி மேலே ஏறியது. பதினேழில் நின்றது. "ஜுமிரா, நாலு. நீ தனிக்கட்டைதானே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் கையெழுத்தே இல்லை, எவனோ போட்டிருக்கான்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரன் என்று பழி நேராகக் கியார்த்தோவின் மகன்மேல் விழும். எனக்கு ஒன்றும் ஆகாது. ஹெந்தார்த்தோவே வழியும் காட்டினார். "கையெழுத்து போலின்னா போலீஸ்ல எழுதிக் குடுங்க இபு. விசாரிக்க ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும். ஆனா இன்னிக்கு ஆட்சேபணைன்னா பட்டியல்ல என்ன தப்புன்னு காரணம் எழுதணும். காரணம் இல்லாம நான் முத்திரை போட முடியாது."

ஒரு மாதத்தில் குன்றே இருக்காது.

"உங்க வீட்டுல நாலு பேர் சம்மதிச்சிருக்காங்களே, யாரு மத்த மூணு பேரு?" என்றார் மறுபடி, சிரித்துக்கொண்டே.

"மூணும் கோழிக்கால்," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது.

"அது ஆள் கணக்கு இல்ல பாக். சாப்பாட்டுப் பொட்டிக் கணக்கு. நான்தான் எழுதினேன். கியார்த்தோ வீட்டுல ரெண்டு பேரு, ரெண்டு பொட்டி. நான் ஒருத்தி, நாலு பொட்டி."

ஆட்சேபணை மனுவை இழுத்து எழுத ஆரம்பித்தேன். நாலுக்கு வால் ஒழுங்காக வந்தது. அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே பெரிதாகப் போட்டேன். 'இந்த எண்கள் விளக்கக் கூட்டத்தில் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிகளின் எண்ணிக்கை. தலைப்பு பிறகு மாற்றப்பட்டது. பதினேழாம் எண் நான். தனியாக வாழ்கிறேன். 4 பெட்டிகள் எடுத்துக்கொண்டேன். மூன்றைச் சாப்பிட்டேன், ஒன்று கெட்டுப்போனது.'

எழுத எழுத அந்த நாள் முழுக்கத் திரும்பி வந்தது. பசி என்று பொய் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கில்லாத உரிமையா என்ற திமிர். நான்கையும் துணிப்பைக்குள் போட்டு மேசைக்கடியில் காலால் தள்ளி வைத்திருந்தேன். அப்போதுதான் லஸ்மினி வந்தாள், சோப்புத் தண்ணீர் காயாத கையோடு, இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு. கையெழுத்துப் போட்டாள். 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு நேரே சைபர் போட்டேன்.

ஹெந்தார்த்தோ மனுவைப் படித்தார். "நீங்க சொன்னா ஆச்சா? இது பொட்டிக் கணக்குன்னு சாட்சி யாரு?"

கடிகாரம் இரண்டு இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. கியார்த்தோ தரையைப் பார்த்தார். நான் லஸ்மினியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"நான் சாட்சி," என்றது அவள் குரல். "நான் கூட்டத்துல ஒண்ணும் மறுக்கல. வாயே திறக்கல. எனக்குப் பொட்டி கிடைக்கல. அதான் அந்த சைபர்."

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அதற்கடியில் கியார்த்தோவும் போட்டார். ஹெந்தார்த்தோ முத்திரையைத் தேடுவதுபோல் பாவனை காட்டினார். கியார்த்தோ எழுந்து போய், அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த முத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தார். இரண்டு இருபத்தெட்டுக்கு அது விழுந்தது.

"விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் இயந்திரம் ஏறாது," என்றார் அதிகாரி. வறுவலை எங்களிடம் நீட்டவில்லை.

திரும்பும் வேனில் கியார்த்தோ முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் போன் பண்ணிக்கொண்டே வந்தார். பின்னால் நானும் லஸ்மினியும். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

சந்தை தாண்டியதும் அவளே பேசினாள்.

"கெட்டுப்போச்சுன்னு எழுதினியே அக்கா. அதுலயும் கோழி இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றேன்.

"சின்னவ அன்னிக்கு மேசைக்கடியில இருந்து வாசனை வருதுன்னு சொன்னா. பொய் சொல்றான்னு முதுகுல ஒண்ணு வச்சேன்."

அதற்குப் பிறகு அவள் ஓட்டுநரின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் நடக்க ஆரம்பித்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.